இரண்டு கணினி, ஒரே கோப்பு: வீட்டுக்குள் ஒத்திசைவு எங்கே தடுமாறுகிறது?

ஒரே ரவுட்டரில் இணைந்த இரண்டு அல்லது மூன்று கணினிகளில் குறிப்பிட்ட ஒரு கோப்புறையை எப்போதும் ஒரே நிலையில் வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு ஒத்திசைவு என்று பெயர். ஒன்றில் சேர்த்த படம் மற்றதிலும் வந்து சேரும். ஒன்றில் திருத்திய கடிதம் மற்றதிலும் திருந்தியிருக்கும். ஒன்றில் அழித்தது மற்றதிலும் அழிந்துபோகும். கோப்புகள் வீட்டு ரவுட்டரைத் தாண்டி வெளியே போகாததால் இணைய டேட்டா செலவாகாது. வெளி இணைப்பு அறுந்த நாளிலும் வேலை நடக்கும். சிங்க்திங், ஆர்சிங்க், ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற இலவச மென்பொருள்களும், விண்டோஸுடனேயே வரும் ரோபோகாப்பியும் இதற்குப் பயன்படுகின்றன.

பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களில் இந்த ஏற்பாடு தேவைப்படும் வீடுகளில் கணினிகள் ஒரே வயதினவாக இருப்பது அபூர்வம். கீழ்த்தளத்தில் போட்டோ ஸ்டுடியோவோ டிடிபி கடையோ, மாடியில் குடியிருப்பு என்று அமைந்த வீட்டில் கடைக்கு ஒரு மேசைக்கணினி இருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்த பிள்ளை வாங்கிய லேப்டாப் ஒரு பக்கம், இளையவருக்குக் கல்லூரிக்காக வாங்கிய புதிய லேப்டாப் இன்னொரு பக்கம். அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆக ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இயங்குதளங்கள். ஒத்திசைவுக் கோளாறுகளில் பெரும்பகுதி இந்தத் தலைமுறை வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

ஒத்திசைவு மென்பொருள் எதுவானாலும் அது மூன்று கேள்விகளுக்குத்தான் விடை தேடுகிறது. மற்ற கணினியை எட்ட முடிகிறதா? இங்குள்ள கோப்பும் அங்குள்ள கோப்பும் ஒன்றேதானா? ஒன்றே என்றால், எது புதியது? எந்தக் கோளாறும் இந்த மூன்றில் ஒன்றுக்குக் கிடைத்த தவறான விடைதான். அதனால் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவதால் பெரும்பாலும் பயன் இருக்காது. எந்தக் கேள்வியில் விடை பிசகியது என்று வரிசையாகப் பார்ப்பதே வழி.

எட்ட முடிகிறதா?

முதலில் பார்க்க வேண்டியது கணினிகளின் ஐபி முகவரி. விண்டோஸில் வைஃபை அமைப்புகளிலும், ஐபிகான்ஃபிக் கட்டளையிலும் அது தெரியும். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகின்றன. ஒரு கணினி 192.168.1.5 என்றும் மற்றது 192.168.1.9 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே வலையமைப்பில் உள்ளன. ஒன்று 192.168.1.5 என்றும் மற்றது 192.168.0.7 என்றும் இருந்தால், ஒரே வீட்டில் இருந்தாலும் அவை இரண்டு வெவ்வேறு வலையமைப்புகள்.

மாடி வீடுகளில் இது அடிக்கடி நேர்கிறது. ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் கீழே ஒரு மோடம் வைத்துப் போகிறார். அதிலேயே ரவுட்டரும் அடக்கம். மாடிக்கு வைஃபை எட்டாததால் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கேபிள் இழுத்து, அதன் வேன் துளையில் செருகுகிறார்கள். இணையம் இரண்டு தளங்களிலும் வருவதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் மாடி ரவுட்டர் தனக்கென ஒரு தனி வலையமைப்பை அமைத்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் மாடிக் கணினியிலிருந்து கீழ்க் கணினியை எட்ட முடியும், கீழிருந்து மாடியை எட்ட முடியாது. ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிற ஒத்திசைவுக்கு இது முக்கியக் காரணம். தீர்வு, மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவது. அந்த வசதி இல்லாத ரவுட்டரில், முதல் ரவுட்டருடன் மோதாத ஒரு முகவரியைக் கொடுத்து, முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை அணைத்து, கேபிளை வேன் துளையிலிருந்து லேன் துளைக்கு மாற்றினால் போதும்.

முகவரிகள் ஒரே வரிசையில் இருந்தும் கணினிகள் ஒன்றையொன்று காணவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ரவுட்டரின் விருந்தினர் வைஃபை. அதில் இணைந்த கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி ரவுட்டரே தடுத்துவிடும். மற்றது, விண்டோஸ் அந்த வலையமைப்பை எந்த வகையில் சேர்த்திருக்கிறது என்பது. முதன்முறை இணைக்கும்போது பொது வலையமைப்பு என்று பதிவாகிவிட்டால், பேருந்து நிலைய வைஃபையில் இருப்பதுபோல் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். வீட்டு வலையமைப்பைத் தனியார் வகைக்கு மாற்றியதும் பல வேளைகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். அப்படியும் முடியாவிட்டால் ஃபயர்வாலில் அந்த மென்பொருளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கோப்புப் பகிர்வு 445 என்ற எண்ணுள்ள போர்ட்டையும், சிங்க்திங் 22000 என்ற போர்ட்டையும் பயன்படுத்துகின்றன. அக்கம்பக்கத்தில் தன் இணையைத் தேடிக் கண்டுபிடிக்க சிங்க்திங்குக்கு 21027 என்ற போர்ட்டும் தேவை.

சிங்க்திங்கில் ஒரு நுட்பம் உண்டு. வீட்டுக்குள் நேரடி வழி கிடைக்காவிட்டால் அது வேலையை நிறுத்துவதில்லை. இணையத்தில் உள்ள இடைநிலைக் கணினி ஒன்றின் வழியாகக் கோப்புகளை அனுப்பத் தொடங்கும். வேலை நடப்பதுபோலத் தெரியும். வேகம் மட்டும் ஆமையாகும், டேட்டாவும் கரையும். இணைப்பு வகை என்ற இடத்தில் ரிலே என்று காட்டினால் வீட்டுக்குள் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

மின்தடைக்குப் பிறகு ஒத்திசைவு நின்றுபோவதும் வழக்கம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் ரவுட்டர் அணைந்து, மாலையில் மீண்டும் இயங்கும்போது கணினிகளுக்கு வேறு முகவரி கொடுத்துவிடக்கூடும். பழைய முகவரியை எழுதிவைத்திருக்கும் ஒத்திசைவு வேலை அங்கே யாரும் இல்லாமல் தோற்றுப்போகும். ரவுட்டரின் அமைப்புகளில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கி வைத்தால் இது மறுபடி நேராது. லேப்டாப் மூடியதும் உறக்கத்துக்குப் போய்விடும் என்பதையும் மறக்கக்கூடாது. உறங்கும் கணினியுடன் ஒத்திசைவு நடக்காது.

அனுமதி

கணினி தெரிகிறது, திறக்கப் போனால் கடவுச்சொல் கேட்கிறது, எதைக் கொடுத்தாலும் மறுக்கிறது. விண்டோஸ் பகிர்வில் இந்த நிலைக்குச் சில தெளிவான காரணங்கள் உண்டு. தினமும் கணினியைத் திறக்கப் பயன்படும் நான்கு இலக்கப் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வலையமைப்பு வழியாக வருபவருக்கு அது செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லைத்தான் தர வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்குக்கும் வலையமைப்பு வழியாக நுழைய இயல்பாக அனுமதி இல்லை. எளிய தீர்வு, ஒத்திசைவுக்கென்றே கடவுச்சொல்லுடன் ஒரு தனிப் பயனர் கணக்கை உருவாக்குவது.

பகிர்ந்த கோப்புறைக்கு இரண்டு அடுக்கு அனுமதிகள் உள்ளன. ஒன்று பகிர்வுக்கானது, மற்றது வன்தட்டில் உள்ள கோப்புறைக்கானது. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். பகிர்வில் முழு அனுமதி கொடுத்தும் எழுத முடியவில்லை என்றால் தடை இரண்டாவது அடுக்கில் இருக்கும்.

கணினிகளின் வயதும் இங்கே தலைகாட்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினியும், யூஎஸ்பி வன்தட்டைப் பகிரும் சில பழைய ரவுட்டர்களும் எஸ்எம்பி என்ற பகிர்வு மொழியின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. தேடிப்பிடித்து அதை மீண்டும் இயக்கினால் பகிர்வு நடக்கும், கூடவே பழைய ஓட்டையும் திறக்கும். விண்டோஸ் 7 உள்ள மடிக்கணினி அடுத்த பதிப்பை அறியும் என்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை. ஆனால் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. அத்தகைய கணினிக்கு முழுக் கோப்புறையையும் திறந்துவிடாமல் தேவையானதை மட்டும் பகிர்வது நல்லது.

ஒரே பெயர்தானா?

இரண்டாவது கேள்விக்கான விடை கோப்பின் பெயரில் இருக்கிறது. இங்கே தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு.

ஒரு ஸ்டுடியோவில் படங்களை ஊர்வாரியாகக் கோப்புறைகளில் வைத்திருப்பதாகக் கொள்ளலாம். பெரம்பலூர், அரியலூர், குன்னம் ஆகிய கோப்புறைகள் ஒழுங்காக ஒத்திசைகின்றன. ஜெயங்கொண்டம் மட்டும் இரண்டாகிவிடுகிறது. பெயர்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. காரணம், யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரக் குறிக்கான ஒற்றைக் குறியீட்டைச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாகப் பிரித்து எழுதுவது மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே இரட்டை வழி உண்டு. அதனால் கங்கைகொண்ட சோழபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும் இரண்டாகலாம். பெரம்பலூரும் அரியலூரும் ஒருபோதும் ஆகாது.

விண்டோஸும் லினக்ஸும் இந்த இரண்டு வடிவங்களையும் தனித்தனிப் பெயர்களாகவே வைத்துக்கொள்கின்றன. ஆப்பிள் மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை எல்லாப் பெயர்களையும் பிரித்த வடிவத்துக்கு மாற்றிவிடும். 2017-இல் வந்த புதிய கோப்பு முறைமை கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றாகவே கருதுகிறது. ஆகவே ஆல்பம் வடிவமைப்பவரின் பழைய மேக்கிலிருந்து திரும்பி வந்த கோப்புறை விண்டோஸில் புதிய ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை. சிங்க்திங் பெயர்களை ஒரே வடிவத்துக்குத் தானே மாற்றிக்கொள்ளும். ஆர்சிங்க்கில் குறியீட்டு மாற்றத்துக்கான விருப்பத்தைச் சேர்த்துத்தான் இயக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டாகிவிட்ட கோப்புறைகளை ஒரே கணினியில் ஒன்றாக்கி, மிஞ்சியதை நீக்கிவிட்டு, அதன்பின் ஒத்திசைவைத் தொடங்க வேண்டும்.

எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாத பிழையும் ஒன்று உண்டு. கௌதம் என்ற பெயரில் ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டச்சாகியிருந்தால், அது உண்மையிலேயே வேறு சொல். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கையால்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது நீளம். விண்டோஸில் ஒரு கோப்புப் பெயர் 255 குறியீடுகள் வரை போகலாம். லினக்ஸிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் எல்லை 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. கங்கைகொண்ட சோழபுரம் என்ற பெயர் கண்ணுக்கு 11 எழுத்து. விண்டோஸ் கணக்கில் இடைவெளியோடு சேர்த்து 19 குறியீடு. லினக்ஸ் கணக்கில் 55 பைட். ஆக 85 தமிழ்க் குறியீடுகளைத் தாண்டும் பெயர் விண்டோஸில் சுகமாக இருக்கும், லினக்ஸ் கணினிக்கு நகரவே மறுக்கும். வட்டம், கிராமம், மனுதாரர் பெயர், மனுவின் பொருள் எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் வழக்கமுள்ள இடங்களில் இந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். விண்டோஸில் வேறொரு எல்லை உண்டு. கோப்புறைகளின் பெயர்கள் எல்லாம் சேர்ந்த முழுப் பாதை 260 குறியீடுகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் அதைத் திறப்பதில்லை.

எதிர்த்திசையிலும் தடைகள் உள்ளன. லினக்ஸில் 'முகூர்த்தம் 9:00' என்று பெயரிட்ட கோப்புறை விண்டோஸுக்கு வராது, ஏனெனில் அங்கே பெயரில் முக்காற்புள்ளி கூடாது. கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள், செங்குத்துக் கோடு ஆகியவற்றுக்கும் இடமில்லை. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தாலும் சிக்கல்தான். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பார்க்கும், விண்டோஸ் பார்க்காது. லினக்ஸில் தனித்தனியாக இருந்த இரண்டு கோப்புகள் விண்டோஸுக்கு வரும்போது ஒன்றின் மேல் ஒன்று விழக்கூடும்.

எது புதியது?

மூன்றாவது கேள்விக்குப் பல மென்பொருள்கள் கடிகாரத்தைப் பார்த்தே விடை சொல்கின்றன. ஆர்சிங்க் இயல்பாகக் கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் மட்டும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தினால் அந்தக் கோப்பைத் தொடாமல் விட்டுவிடும். கடிகாரம் பொய் சொன்னால் பழைய கோப்பு புதியதை விழுங்கிவிடும்.

பத்து ஆண்டுகளைத் தாண்டிய கணினியில் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் முழுதாக அற்றுப்போகும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்பான இணையதளங்கள் எதுவும் திறக்காமல் பிரவுசர் எச்சரிப்பது இதற்கு அடையாளம். பொத்தான் வடிவிலுள்ள அந்த பேட்டரியை மாற்றுவது சிறிய செலவுதான்.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள மடிக்கணினியில் வேறொரு கோளாறு வரும். விண்டோஸ் கணினியின் உட்கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸ் பொதுவாக அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸுக்கு மாறியதும் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் முன்னே ஓடும். மறுபடி விண்டோஸுக்கு வந்தால் அதே அளவு பின்தங்கும். இணையம் கிடைத்ததும் நேரம் தானே திருந்திவிடலாம். ஆனால் அதற்குள் சேமித்த கோப்புகளில் தவறான நேரம் பதிவாகியிருக்கும். ஒத்திசைவு குழம்பிய கோப்புகளுக்கிடையே சரியாக ஐந்தரை மணி நேர வேறுபாடு தெரிந்தால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. லினக்ஸில் உட்கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுகிறது என்று ஒருமுறை குறித்துவிட்டால் போதும்.

பென் டிரைவை இடையில் வைத்து ஒத்திசைப்பவர்களுக்கு நொடிக்கணக்கில் ஒரு தொல்லை. ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவ் திருத்திய நேரத்தை 2 விநாடிக்கு ஒருமுறை என்ற துல்லியத்தில்தான் குறிக்கும். எந்த மாற்றமும் இல்லாத கோப்புகள்கூட ஒவ்வொரு முறையும் நகலாவது இதனால்தான். ஆர்சிங்க்கிலும் ரோபோகாப்பியிலும் 2 விநாடி வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல விருப்பங்கள் உண்டு. 4 ஜிபி அளவை எட்டும் கல்யாண வீடியோ ஃபேட்32-இல் ஏறாது என்பதும் இதனோடு சேர்ந்தது.

இருபுறமும் திருத்தினால்

கடையில் ஒருவரும் மாடியில் ஒருவரும் ஒரே கோப்பைத் திருத்திவிட்டால் எது புதியது என்ற கேள்விக்கு நேர்மையான விடையே கிடையாது. சிங்க்திங் அப்போது இரண்டையும் காப்பாற்றுகிறது. திருத்திய நேரத்தில் முந்தியதை, பெயரோடு 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல்லும் தேதியும் நேரமும் சேர்த்துத் தனிக்கோப்பாக வைக்கிறது. அந்தப் பிரதிகளைத் திறந்து ஒப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகுதான் நீக்க வேண்டும். நேரத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள்கள் இப்படி எச்சரிக்காமல் ஒன்றை அழித்துவிடலாம்.

திறந்திருக்கும் கோப்பு இன்னொரு வகை. வேர்டில் திறந்துள்ள ஆவணத்தை மற்றொரு மென்பொருள் மாற்ற விண்டோஸ் விடாது. மூடியதும் ஒத்திசைவு தொடரும். டேலி கணக்கு, மின்னஞ்சல் தொகுப்பு, படத் தொகுப்பு மென்பொருளின் கேட்டலாக் போன்றவற்றில் சிக்கல் பெரிது. ஒன்றையொன்று சார்ந்த பல கோப்புகள் ஒரே நேரத்தில் மாறுவதால், பாதி பழையதும் பாதி புதியதுமாகப் போய்ச் சேர்ந்து மொத்தக் கணக்கும் திறக்காமல் போகலாம். அவற்றை ஒத்திசைவுக் கோப்புறைக்கு வெளியே வைத்து, மென்பொருளை மூடிய பிறகு நகல் எடுப்பதே சரி.

வேகம்

கோளாறு எதுவும் இல்லாமல் மெதுவாக மட்டும் நடந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி கடத்தும். 100 ஜிபி படங்கள் போய்ச் சேர இரண்டேகால் மணி நேரமாவது ஆகும். ஆயிரம் எம்பிபிஎஸ் இணைப்பில் அதே வேலை கால் மணி நேரத்துக்குள் முடியக்கூடும், வன்தட்டு ஈடுகொடுத்தால். கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு ஆயிரத்திலிருந்து நூறுக்கு இறங்கிவிடக்கூடும்; எலி கடித்த கேபிள் இப்படித்தான் பாதி உயிரோடு வேலை செய்யும். பழைய மடிக்கணினிகள் பலவற்றின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். முதல்முறை முழுக் கோப்புறையையும் அனுப்பும்போது மட்டுமாவது கேபிளில் இணைப்பது நல்லது. பிறகு மாறியவை மட்டுமே போகும். ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கரஸும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் இதில் ஒரு படி மேலே போய், ஒரு கோப்புக்குள்ளேயே மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வழியைக் கொண்டுவந்தது.

அழிந்ததும் ஒத்திசையும்

ஒத்திசைவு காப்புநகல் ஆகாது. ஒரு கணினியில் கைதவறி அழித்த கோப்புறை சில விநாடிகளில் மற்றதிலும் அழியும். பணயத் தீநிரல் பூட்டிய கோப்புகளும் அதே விசுவாசத்தோடு பரவும். ரோபோகாப்பியின் மிர்ரர் முறை, மூலத்தில் இல்லாத அனைத்தையும் எதிர்ப்பக்கத்தில் நீக்கிவிடும். மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதிவிட்டால் ஒரு வருட வேலை போகும். ரோபோகாப்பிக்கும் ஆர்சிங்க்குக்கும் எதையும் செய்யாமல், செய்யப்போவதைப் பட்டியலாக மட்டும் காட்டும் ஒத்திகை முறை உண்டு. ஒவ்வொரு புதிய கட்டளையையும் முதலில் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சிங்க்திங்கில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை இயக்கி வைக்கலாம். இவற்றுக்கு மேலாக, வாரம் ஒருமுறை மட்டும் செருகிக் கழற்றும் தனி வன்தட்டில் ஒரு நகல் இருக்க வேண்டும்.

கோளாறு என்று தெரிந்ததும் முதல் வேலை இரு பக்கமும் ஒத்திசைவை நிறுத்துவது. இரண்டாவது, இரண்டு கோப்புறைகளையும் அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது. அதன் பிறகே முகவரி, அனுமதி, பெயர், நேரம் என்ற வரிசையில் ஆராய வேண்டும். திருத்தி முடித்ததும் சிறு கோப்பு ஒன்றைக் கொண்டு நான்கு சோதனைகள் செய்யலாம். ஒரு கணினியில் உருவாக்கினால் மற்றதில் வருகிறதா, அங்கே திருத்தினால் இங்கே மாறுகிறதா, 'ஜெயங்கொண்டம்' என்று பெயர் மாற்றினால் ஒன்றாகவே இருக்கிறதா, அழித்தால் இரண்டிலும் நீங்குகிறதா என்பவை அவை. நான்கும் தேறிய பின்னரே கடைக் கோப்புறையை மீண்டும் ஒத்திசைவில் சேர்க்க வேண்டும்.